போர் முடிந்த பிறகு

போரில் மாண்ட குதிரைகளைப் பற்றிச் சரித்திரத்தில் நிறையப் படித்திருக்கிறேன். போருக்குப் பின்னும் உயிரோடிருந்தவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதுவாரில்லை.

1918-ல் முதல் உலகப் போர் முடிந்ததும், எகிப்திலிருந்த பிரிட்டிஷ் ராணுவம் ஆயிரக்கணக்கான குதிரைகளை அங்கேயே விற்றுவிட்டது. 1930-ல் டோரதி புரூக் என்ற ஆங்கில மாது கெய்ரோவுக்கு வந்தபோது, அவற்றில் எஞ்சியவை இன்னும் பாரம் இழுத்துக்கொண்டிருந்தன. போர் முடிவில் ஐந்து வயதாயிருந்த குதிரைக்குக்கூட அப்போது 17 வயது! மூட்டுகள் வீங்கி, கால்கள் மடங்க மறுக்கும் வயது.

1931-ல் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் அந்த மாது எழுதிய கடிதத்தைக் கண்டு ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். மூன்று வருஷங்களில் சுமார் 5,000 குதிரைகளை அவர் வாங்கினார்.

மூட்டில் தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி ஆக்க முடியாது. தினமும் நிதானமான நடை, உடல் பருக்காத தீனி, காலத்தில் குளம்பு திருத்துதல், மெத்தென்ற வைக்கோல் படுக்கை இவற்றால் வலியைத் தணிக்கலாம். அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டமும் கடந்திருந்தது. சில நாள் ஓய்வும் நல்ல தீனியும் கொடுத்து, பிறகு வலியில்லாத மரணத்தையும் கொடுத்தார் டோரதி.

இது கொலையா, கருணையா? கருணை என்றே நான் சொல்வேன். ஆனால் காலங்கடந்த கருணை. அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். 1934-ல் கெய்ரோவில் அவர் நிறுவிய ஆஸ்பத்திரி, ஏழை வண்டிக்காரர்களின் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவசமாக வைத்தியம் பார்த்தது, அவை உழைத்துக்கொண்டிருக்கும்போதே.