மண்ணெண்ணெய்க் காரும் மூன்று கொயில் கொமடோரும்

மோட்டார் வண்டிகள் பற்றிய பேச்சில் நேரம் போதாமல் விடுபட்ட ஒரு விடயத்தை இங்கே தருகிறேன்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். சிறு போத்தல் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருந்த நுட்பம் பலருக்குத் தெரியாது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, எஞ்சின் 'தட்டும்'. ஆகவே பிளக்கில் பொறி சற்றுப் பிந்தி விழவேண்டும். லூக்காஸ் டிஸ்ரிபியூற்றர்கள் பலவற்றில் எரிபொருளின் தரத்துக்கேற்ப இதைக் கையால் மாற்றவென்றே ஒரு சிறு நட் இருந்தது. அதுவும் போதாவிட்டால் டிஸ்ரிபியூற்றரையே தளர்த்தித் திருப்பலாம். மெக்கானிக்குக்குக் காதுதான் மீற்றர். பெற்றோலை நிறுத்தியவர்கள் அந்த நட்டை மறந்துவிட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இங்கே வந்து சேர்ந்தவர்கள் மலிவாக வாங்கிய பழைய கார்களில் ஹோல்டன் கொமடோரும் ஒன்று. 1988இல் வெளிவந்த வீஎன் வீ6இல் டிஸ்ரிபியூற்றரே இல்லை. மூன்று கொயில்கள், அவற்றின் கீழே ஒரு மொடியூல், தனியாக ஒரு கொம்பியூற்றர். திருப்புவதற்கு ஒன்றுமில்லாத காரைப் பார்த்துக் கைதேர்ந்த மெக்கானிக்மாரும் திகைத்தார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் பழையவைதான். பொறி வருகிறதா? வந்தால், அதன் நேரத்தை யார் தீர்மானிப்பது? ஸ்ராட் செய்யும்போது மொடியூல் தானே ஒரு நிலையான நேரத்தைக் கொடுக்கும். நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்றுகளைத் தாண்டியதும் கொம்பியூற்றர் ஒரு வயரில் 5 வோல்ற் அனுப்பிப் பொறுப்பை ஏற்கும். இன்னொரு வயரில் நேரத்தைச் சொல்லும். இந்த வயர்களில் ஒன்று அறுந்தால் அல்லது கனெக்ரரில் பச்சை பிடித்தால், கார் ஸ்ராட் ஆகும், நின்றபடி ஓடும், ஏற்றத்தில் இழுக்காது. பெற்றோலையும் குடிக்கும். எஞ்சின் முடிந்துவிட்டது என்று நினைத்துக் காரை விற்கத் தோன்றும் இடம் இதுதான். வாரச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சின்ன நட்டமல்ல.

அடுத்தது கிராங் சென்சர். சூடானதும் கார் நிற்கும், ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். ஆறிய காரைச் சோதித்துப் பயனில்லை. நின்ற கையோடு பார்க்கவேண்டும்.

டாஷ்போர்ட்டின் கீழுள்ள சோதனைக் கனெக்ரரில், கையேடு காட்டும் இரண்டு முனைகளைச் சிறு வயரால் இணைத்து, எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் எஞ்சின் விளக்கு மின்னும். ஒருமுறை, பின் இருமுறை: அது 12. மூன்று தடவை வரும். சோதனை வேலை செய்கிறது என்று பொருள். அதன்பின் வரும் இலக்கங்களே பிழைகள். கணக்காளனான எனக்கு இது பழகிய விஷயம்: பேரேட்டில் எந்தப் பக்கம் பிழை என்று தெரிந்தாலும் வவுச்சரைத் தேடத்தான் வேண்டும். மொடியூல் வாங்க ஓடுமுன் வயரையும் கனெக்ரரையும் மீற்றரால் பாருங்கள்.

2017 ஒக்ரோபர் 20இல் எலிசபெத் தொழிற்சாலையில் ஹோல்டன் உற்பத்தி நின்றது. வீஎன் இன்னும் யாருடைய கராச்சிலாவது இருந்தால், அந்தச் சிறு வயரைக் கையுறைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.