ஜஹானாரா பேகத்தின் செல்வம்: வந்த வழியும் போன வழியும்

உலகப் பெண் செல்வந்தர்களின் பட்டியல் வருடா வருடம் வெளிவருகிறது. அதன் தலைமாட்டில் அலிஸ் வொல்டன், பிரான்சுவாஸ் பெத்தன்கூர் மெயர்ஸ் ஆகிய பெயர்கள் இருக்கும். முன்னவர் வொல்மார்ட் கடைகளைத் தொடங்கியவரின் மகள். பின்னவர் 1909 இல் லோரியல் கம்பனியை நிறுவியவரின் பேர்த்தி. 2017 இல் தாயார் காலமானபின் அந்தக் குடும்பச் சொத்துக்குத் தலைவியானார். உயர்தர வகுப்பில் இதுபற்றிப் பேச்சு வந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்ப எல்லாம் வாப்பாட சல்லிதானே சேர்?"

உடனே மறுமொழி சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து முகலாயர் வரலாற்றைப் புரட்டியபோது, அதே கேள்வியை ஜஹானாரா பேகத்திடமும் கேட்கலாம் என்று பட்டது. தம் காலத்தில் உலகின் மிகப் பெரிய செல்வச் சீமாட்டிகளுள் அவர் ஒருவர்.

ஷாஜஹானுக்கும் மும்தாஜ் மஹலுக்கும் 1614 இல் பிறந்த மூத்த மகள் அவர். 1628 இல் தந்தை அரியணை ஏறியபோது மகளுக்குக் கிடைத்தவை ஒரு இலட்சம் அஷ்ரஃபிப் பொற்காசு, நான்கு இலட்சம் ரூபாய், வருடாந்தம் ஆறு இலட்சம் ரூபாய் மானியம். அப்போது வயது பதினான்கு. மானியம் என்றால் அரண்மனைப் பெட்டகத்திலிருந்து எண்ணிக் கொடுக்கும் காசு மட்டுமல்ல. அதன் ஒரு பகுதி நில வருமானமாகவே ஒதுக்கப்பட்டது. அதாவது, ஏதோ ஒரு கிராமத்துக் குடியானவனின் விளைச்சலில் ஒரு பங்கு.

1631 ஜூன் மாதம் புர்ஹான்பூரில், பதினான்காவது பிள்ளைப்பேற்றில் மும்தாஜ் மௌத்தானார். அவர் விட்டுச்சென்ற தனிச்சொத்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல். சக்கரவர்த்தி அதில் பாதியை ஜஹானாராவுக்குக் கொடுத்தார். மிச்சப் பாதி மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் பிரிந்தது. மாணவிகளிடம் இதைச் சொல்லி, பராயிழ் முறைப்படி கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னேன். கணவனுக்குக் காற்பங்கு. தந்தை ஆஸஃப் கான் அப்போது உயிரோடிருந்தார், அவருக்கு ஆறிலொன்று. எஞ்சியது நான்கு ஆண்மக்களுக்கும் மூன்று பெண்மக்களுக்கும் இரண்டுக்கு ஒன்று வீதம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரு மகளின் பங்கு பத்திலொன்றைக்கூட எட்டவில்லை. அவருக்குக் கிடைத்ததோ ஐம்பது இலட்சம். கணவரும் தந்தையும் தம் பங்கை விட்டுக்கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் பாதி வராது. இது வாரிசுரிமையல்ல, அரசரின் விருப்பம்.

அதே வருடத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1630 இல் மழை பொய்த்து, குஜராத்தையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் பிடித்திருந்தது. சூரத்திலிருந்து அவ்வழியே பயணம் செய்த ஆங்கில வியாபாரி பீட்டர் மண்டி, வழியெல்லாம் பிணங்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். ஷாஜஹான் புர்ஹான்பூரில் கஞ்சித்தொட்டி திறந்தார். திங்கட்கிழமைதோறும் ஐயாயிரம் ரூபாய் வீதம் இருபது வாரம் ஏழைகளுக்குக் கொடுத்தார். நில வரியிலும் கணிசமாகத் தள்ளுபடி செய்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் இருபது வாரத் தர்மம் மொத்தம் ஒரு இலட்சம். அதே ஊரில் மௌத்தான அரசியின் சொத்து ஒரு கோடி. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மனசு ஒரு மாதிரியாகிவிடுகிறது.

1644 இல் ஜஹானாராவின் ஆடையில் தீப்பற்றியது. அத்தர் ஊறிய மெல்லிய துணி, கணத்தில் எரிந்தது. பல மாதம் படுக்கையில் கிடந்து தேறியபோது, தந்தை சூரத் துறைமுகத்தின் வருமானத்தையே மகளுக்கு எழுதிக்கொடுத்தார். அது அவரது வெற்றிலைச் செலவுக்கு என்று வெனிஸ்காரர் மனுச்சி எழுதுகிறார். ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் காத்துக்கிடந்த துறைமுகம், ஒரு சீமாட்டியின் வெற்றிலைச் செலவு!

ஆனால் அவர் வாங்கி வைத்துக்கொண்டு இருந்தவர் மட்டுமல்ல. சொந்தமாகக் கப்பலோட்டி வியாபாரம் செய்தார். ஸாஹிபி என்ற அவரது கப்பல் 1643 இல் ஹஜ் பயணிகளோடு புறப்பட்டபோது, வருடந்தோறும் மக்காவின் ஏழைகளுக்கு அரிசி கொண்டுபோக வேண்டும் என்று கட்டளையிட்டார். இது அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. ஜஹாங்கீரின் தாயார் மர்யமுஸ்ஸமானியின் ரஹீமி என்ற பெருங்கப்பலை, அனுமதிச் சீட்டு இருந்தும் போர்த்துக்கேயர் 1613 இல் பிடித்துக்கொண்டார்கள். அதே போர்த்துக்கேயர்தாம் 1626 இல் இலங்கையில் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து நம்மவர்களை விரட்டினார்கள். செனரத் மன்னன் கிழக்கில் குடியேற்றிய கதை நமக்குத் தெரிந்ததுதானே.

ஆக்ரா ஜும்ஆப் பள்ளியை ஜஹானாரா ஐந்து இலட்சம் ரூபாய் தம் பணத்தில் கட்டினார். 1648 இல் வேலை முடிந்தது. தில்லியின் சாந்தினி சவுக் கடைத்தெருவும் அங்கு வியாபாரிகள் தங்கிய பெரிய சராயும் அவருடையவை. அந்தச் சராய் 1857 கிளர்ச்சிக்குப் பின் இடிக்கப்பட்டது.

கொடுத்தவர் அரசர் என்றால் அரசர் விழும்போது என்னாகும்? 1658 இல் ஔரங்கசீப் தந்தையை ஆக்ராக் கோட்டையில் அடைத்தார். சகோதரப் போரில் தாராவின் பக்கம் நின்ற ஜஹானாரா, தந்தையோடு கோட்டைக்குள் போனார். 1666 இல் அவர் மௌத்தாகும் வரை எட்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தார். அதன்பின் தம்பி அவரை மீண்டும் அந்தப்புரத் தலைமையில் அமர்த்தி மானியத்தையும் கூட்டினார். வாப்பாட சல்லி என்று சொன்ன பிள்ளைக்கு இந்த எட்டு வருடத்தைச் சொன்னேன். பிள்ளை சொன்னாள்: "எங்கட ஊர்ல வீடு எழுதிக் குடுத்தா மகள்தானே சேர் கடைசில வாப்பாவப் பார்க்கிற."

1681 இல் ஜஹானாரா மௌத்தானார். மூன்று கோடி ரூபாயை நிஸாமுத்தீன் அவ்லியா தர்காவுக்கு எழுதிவைத்தார் என்றும், மூன்றிலொன்றுக்கு மேல் வஸிய்யத் செல்லாது என்று ஔரங்கசீப் ஒரு கோடியை மட்டுமே அனுமதித்தார் என்றும் சொல்லப்படுகிறது. சட்டம் சரிதான். பிள்ளை குட்டி இல்லாத அந்த அக்காவின் வாரிசுகளில் பெரிய பங்குக்காரர் ஔரங்கசீப்தான். ஐம்பது வருடத்துக்கு முன், புர்ஹான்பூரில் உம்மாவின் சொத்தைப் பிரித்தபோது அந்தச் சட்டப் புத்தகத்தை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

அவரது கபுறு அந்தத் தர்கா வளவிலேயே இருக்கிறது. மேலே கூரையில்லை, நடுவில் மண் நிரப்பி, புல் வளர விட்டிருக்கிறார்கள்.