காலாவதி நாளும் கோடை வெக்கையும்

அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள் அவசரத்துக்கென வைத்திருக்கும் முதலுதவிப் பெட்டியில் பழுப்பு நிறப் புட்டி ஒன்று இருப்பது வெகுநாள் வழக்கம். உள்ளே இருப்பது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. நாய் சாக்லேட்டைத் தின்றுவிட்டால், கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, அவர் சொல்லும் அளவில் இதைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பார்கள். பூனைக்கு இது கூடாது, இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்த இந்தப் பொருள், நீரோடு ஓர் ஆக்ஸிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டது போன்றது. அந்த ஒட்டுதல் நிலையற்றது. வெளிச்சம் பட்டாலும் சூடு ஏறினாலும் துளி உலோகத் தூசி விழுந்தாலும் ஆக்ஸிஜன் பிரிந்து போகும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். புட்டி பழுப்பாக இருப்பது இதனால்தான். புட்டியின் மேல் ஒரு காலாவதி நாள் அச்சிட்டிருக்கும். அது மூடி திறக்காத புட்டிக்கு உரியது. மூடியைத் திருகிய நாளிலிருந்து வேறொரு கணக்கு ஓடத் தொடங்குகிறது, அந்தக் கணக்கு எங்கும் அச்சாவதில்லை. செல்லப்பிராணிகளின் மருந்துப் பெட்டியை நாம் அட்டையில் உள்ள தேதியை மட்டும் நம்பி நடத்துகிறோம். விலங்கு மருத்துவத்தின் வரலாறோ, தேதியைவிடச் சூடும் காற்றும் திறந்த மூடியும்தான் மருந்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. இதுவே என் வாதம்.

மருந்துக்கு வயதாகும் என்ற உண்மையை முதலில் கருவியாக்கிக்கொண்டதே கால்நடை நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிதான். கோழிக் காலரா கிருமியை வளர்த்த பாஸ்டர், நெடுநாள் காற்றுப்பட வைத்திருந்த பழைய வளர்ப்புகள் கோழியைக் கொல்லும் வலுவை இழந்துவிடுவதையும், அவற்றைச் செலுத்திய கோழிகள் பிறகு புதுக் கிருமியைத் தாங்கி நிற்பதையும் 1880-இல் அறிவித்தார். வீரியம் போன சரக்கு என்று கொட்டிவிட வேண்டியதுதான் தடுப்பூசிக்கு வழிகாட்டியது. வெறிநாய்க்கடிக்கு அவர் செய்த மருந்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை ஈரம் உறிஞ்சும் காரம் வைத்த கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். இரண்டு வாரம் காய்ந்த தண்டில் வீரியம் ஏறக்குறைய இராது. முதலில் அதைச் செலுத்தி, நாளுக்கு நாள் புதிய தண்டை நோக்கி நகர வேண்டும். 1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு 13 ஊசிகள் இந்த வரிசையில்தான் போடப்பட்டன. எத்தனை நாள் பழையது என்பதே அங்கு மருந்தின் அளவு. ஆனால் நாட்களை எண்ணியது மட்டும் போதவில்லை. எந்தக் குடுவை, எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் நிலையாக இருந்ததால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் இருந்தது.

தேதி அச்சிடும் பழக்கம் வருவதற்கு முன்பு மருந்தாளரும் கால்நடை வைத்தியரும் கண்ணாலும் மூக்காலும் சரக்கைச் சோதித்தார்கள். அது கண்மூடித்தனம் அல்ல. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய வழியில் கெடுகிறது என்ற அறிவு அதில் இருந்தது. நாய்க்கு வாந்தி வரவைக்க மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் அபோமார்ஃபின், மார்ஃபினிலிருந்து ஆக்கப்படுவது. காற்றும் ஒளியும் பட்டால் அதன் கரைசல் பச்சையாகிவிடும், பச்சை கண்டால் கொட்டிவிடு என்பது நெடுநாள் விதி. பெர்மாங்கனேட் படிகம் மூடிய புட்டியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தண்ணீரில் கரைத்த பிறகு அதன் ஊதா நிறம் மங்கிப் பழுப்பாகும், பழுப்பான தண்ணீரால் புண்ணைக் கழுவிப் பயனில்லை. டிஞ்சர் அயோடினின் கதையோ தலைகீழ். மூடி சரியாக இறுகாத புட்டியில் சாராயம் ஆவியாகிப் போக, மிஞ்சும் அயோடின் வரவரக் கெட்டியாகும். பழைய டிஞ்சர் வலுவிழப்பதற்குப் பதில் வலு கூடி, ஆறிவரும் தோலையே சுட்டுவிடும். ஒன்று நிறம் மாறிக் கெடுகிறது, ஒன்று கரைத்ததும் கெடுகிறது, ஒன்று முறுகிக் கெடுகிறது. இவை மூன்றுக்கும் ஒரே மாதிரி 'மாதம், வருடம்' என்று இரண்டு எண்களைப் போட்டுவிட்டால் இந்த வேற்றுமை முழுவதும் மறைந்துபோகிறது.

சூடு எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு வெக்கை நோயின் வரலாற்றைவிட அழுத்தமான சான்று கிடைக்காது. மாட்டைக் காய்ச்சலில் தகிக்க வைத்துக் கழிச்சலில் கொல்லும் அந்த நோய்க்குத் தமிழ் உழவர் இட்ட பெயரே வெக்கை. ஐரோப்பாவில் அது மாடுகளை வாரிக்கொண்டு போனதுதான் 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்ற முக்கியக் காரணம். 1890-களில் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் அது மாட்டு மந்தைகளில் பெரும்பகுதியை அழித்து, மாட்டை நம்பி வாழ்ந்தவர்களைப் பஞ்சத்தில் தள்ளியது. இந்தியாவில் 1889-இல் பூனாவில் தொடங்கிய அரசு நுண்ணுயிர் ஆய்வகம் 1893-இல் குமாவுன் மலையில் உள்ள முக்தேஸ்வரத்துக்கு இடம் மாறியது. கொடிய தொற்றுக் கிருமியை ஊர்களிலிருந்து விலக்கி வைக்கவும், குளிர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளவும் அந்த மலை ஏற்றதாக இருந்தது. 1920-களில் அங்கே எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் வளர்த்துத் தணித்துத் தடுப்புமருந்து ஆக்கினார். 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1960-ஐ ஒட்டி, கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் திசு வளர்ப்பு முறையில் ஆக்கிய தடுப்பூசி இன்னும் சிறந்தது. ஒருமுறை போட்டால் மாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் காப்பு, பக்கவிளைவு மிகக் குறைவு, செய்யும் செலவும் குறைவு.

அத்தனை நல்ல மருந்துக்கு ஒரே குறை, வெக்கை நோயின் மருந்துக்கு வெக்கையே எமன். உறையவைத்து உலர்த்திய குப்பிகளைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். மின்சாரமும் சாலையும் இல்லாத சூடானிலும் எத்தியோப்பியாவின் அஃபார் வறண்ட நிலத்திலும் மாட்டு மந்தைகள் இருந்தன, குளிர்ப்பெட்டி போகும் தூரத்தோடு ஊசியும் நின்றது. காலாவதி நாள் நெடுந்தொலைவில் இருந்த குப்பி, பாதி வழியில் பனிக்கட்டி உருகியதும் வெற்றுப் பொடியானது. 1980-களின் இறுதியில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெஃப்ரி மரைனர், தடுப்பூசிக் கிருமியைத் தொடாமல், உலர்த்தும் முறையையும் உடன் சேர்க்கும் காப்புப் பொருளையும் மாற்றினார். ஈரம் இன்னும் ஆழமாக வற்றிய அந்தக் குப்பி 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கியது. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற மேய்ப்பர்கள் அதைத் தோளில் தொங்கவிட்டு மந்தை மந்தையாக நடந்தார்கள். இந்தியாவில் 1995-க்குப் பிறகு இந்த நோய் எழவில்லை. உலகில் கடைசியாக 2001-இல் கென்யாவில் கண்டார்கள். 2011-இல் வெக்கை நோய் பூமியிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதர் முற்றாக ஒழித்த நோய் இது ஒன்றுதான். நம் கிராமத்துக் கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் சூடு தாங்கும் சொட்டு மருந்து வந்தது. மருந்தின் வேலையைத் தடுத்து நிறுத்தியது சூடு, சூட்டை வென்றதும் வேலை முடிந்தது. இந்த வரலாற்றில் எந்த இடத்திலும் நாட்காட்டி முடிவெடுக்கவில்லை.

பிறகு தேதி எப்படி வந்தது? ஒரு மருந்து எத்தனை காலம் நிற்கும் என்று அறிய அத்தனை காலமும் காத்திருக்க முடியாது. 1889-இல் வேதியியலாளர் அர்ரீனியஸ் வகுத்த விதி அதற்குக் குறுக்குவழி தந்தது: சூடு 10 டிகிரி ஏறினால் பல வேதிவினைகளின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிறது. இன்று மருந்தை 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதித்து, அதோடு சாதாரணச் சூட்டில் வைத்த சரக்கையும் காலம்தோறும் அளந்து ஆயுளைக் கணிக்கிறார்கள். அமெரிக்காவில் மருந்துகளுக்குக் காலாவதி நாள் கட்டாயமானது 1979-இல். இந்தியாவில் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் மனிதருக்கான மருந்தோடு விலங்குக்கான மருந்தையும் சேர்த்தே ஆள்கிறது. 1945-ஆம் ஆண்டு விதிகளின் 'பி' அட்டவணை குறிப்பிட்ட மருந்துகளுக்கு ஆயுளையும் வைக்கும் முறையையும் சேர்த்து வரையறுக்கிறது. அதில் இல்லாத மருந்துக்குத் தயாரித்த நாளிலிருந்து 60 மாதங்களுக்கு மேல் தேதி போடக்கூடாது என்றும் விதி சொல்கிறது. ஆக அட்டையில் உள்ள எண் மருந்து சாகும் நாள் அன்று. மூடி திறக்காமல், சொன்ன சூட்டுக்குள் வைத்திருந்தால் இந்த நாள்வரை நான் பொறுப்பு என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதிமொழி அது. 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பிரித்துவிட்டுத் தேதியை மட்டும் படிப்பது பாதி ஒப்பந்தத்தைப் படிப்பதாகும். மே மாதத்துச் சென்னையில் வெயிலில் நிற்கும் காரின் முன்னறையில் கிடக்கும் பெட்டிக்கு அந்த உறுதிமொழி எதுவும் செல்லாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்றைக் காட்டுவார்கள். அமெரிக்க ராணுவம் கோடிக்கணக்கில் மருந்து வாங்கிக் கிடங்கில் வைத்துவிட்டுத் தேதி முடிந்ததும் எறிந்துகொண்டிருந்தது. அந்த வீணைத் தவிர்க்க 1986-இல் பழைய சரக்கைச் சோதிக்கும் திட்டம் தொடங்கினார்கள். 2006-இல் வெளியான முடிவுப்படி, 122 மருந்துகளின் 3005 தொகுதிகளில் 88 சதவீதம் தேதி கடந்து ஓராண்டாவது நன்றாக இருந்தது. கூடுதலாகக் கிடைத்த ஆயுள் சராசரியாக 66 மாதம். அப்படியானால் தேதி வெறும் வணிகத் தந்திரமா? அதே சான்று என் பக்கமே பேசுகிறது என்பேன். அந்தத் தொகுதிகள் மூடி திறக்காதவை, சூடு கட்டுப்படுத்திய கிடங்கில் இருந்தவை. தேதி கடந்தும் அவை பிழைத்ததற்கு அந்த இருப்பிடமே காரணம். பாதி தீர்ந்த புட்டி, குளியலறை அலமாரியின் நீராவி, சமையலறை அடுப்பின் அருகாமை, இவற்றுக்கு அந்த 66 மாதத்தைக் கடன் வாங்க முடியாது. மேலும் எல்லா மருந்தும் வலுவிழப்பதோடு நிற்பதில்லை. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் 1963-இல் பதிவு செய்தார்கள். பின்னர் அந்த மருந்தின் சேர்மானமே மாற்றப்பட்டது. நாய்களுக்கும் தரப்படும் மருந்து வகை அது.

எளிய மக்களிடம் இத்தனை நுணுக்கம் எதிர்பார்க்கலாமா, தேதி முடிந்ததும் எறி என்ற ஒற்றை விதிதானே நினைவில் நிற்கும் என்று கேட்பார்கள். தேதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது எல்லைக்கோடு, அதைத் தாண்டக்கூடாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நலம் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. பழசாவது இருக்கட்டுமே, ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்பார்கள் இன்னும் சிலர். மனிதருக்கு அது ஓரளவு பொருந்தலாம். தலைவலி மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் நாம் வாய்விட்டுச் சொல்வோம், வேறொன்று தேடுவோம். நாயால் சொல்ல முடியாது. நஞ்சைத் தின்ற நாய்க்கு வாந்தி எடுக்கவைத்துப் பயன் கிடைப்பது பெரும்பாலும் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள்தான். தண்ணீராகிப்போன பெராக்சைடைப் புகட்டிவிட்டு, இதோ வந்துவிடும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மருத்துவமனைக்குப் போகும் வழியில் கழிந்திருக்க வேண்டிய நிமிடம். கெட்ட மருந்து அந்த இடத்தில் வெறும் சூனியம் அல்ல, அது வாயில்லா ஜீவனின் நேரத்தைத் தின்னும். புட்டியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சில துளியை வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் விடலாம், நுரைத்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை நுரை சொல்லாது. நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது '20 வால்யூம்' என்று அட்டையில் போட்ட 6 சதவீதக் கரைசல். ஒரு மில்லிக்கு 20 மில்லி ஆக்ஸிஜன் தரும் என்பது அந்த எண்ணின் பொருள். அமெரிக்கப் புட்டியைப்போல் இரு மடங்கு காரம். வெளிநாட்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு இதை அப்படியே நாயின் தொண்டையில் ஊற்றுவது, புதுச் சரக்காக இருந்தாலும் தீங்கு.

பெட்டியில் மிஞ்சும் கட்டுத்துணி, பஞ்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூல் கெடாது, உறைதான் கெடும். நனைந்த, கிழிந்த உறைக்குள் இருக்கும் துணி எந்தத் தேதியில் இருந்தாலும் கிருமியற்றது அல்ல என்பதை அறுவை அரங்குகள் நெடுநாளாகவே ஏற்றிருக்கின்றன. சூட்டை நேரடியாகக் காட்டும் வழியும் மனிதர் மருந்தில் வந்துவிட்டது. 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சிறு வட்டமும் அதனுள் வெளிர்நிறச் சதுரமும் ஒட்டுகிறார்கள். குப்பி பட்ட சூடு சேரச் சேரச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால், தேதி எதுவானாலும் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். வீட்டு நாய்க்கு வாங்கும் புட்டிகளில் பொதுவாக அப்படி ஒரு சதுரம் இருப்பதில்லை. அப்படி ஒன்று வரும்வரை அந்த இடத்தில் இருக்கக்கூடியது, மூடி திறந்த அன்றே அழியாத மையால் புட்டியின் தோளில் கையால் எழுதிய இன்னொரு தேதி.