பத்து ஆற்றின் மண் அணை பிறந்த கதை

1971 ஜனவரி முதல் வாரம். கோலாலம்பூரில் மழை விடவே இல்லை. கிள்ளான், கோம்பாக், பத்து என்ற மூன்று ஆறுகளும் சேர்ந்தாற்போலப் பெருக்கெடுத்தன. ஜனவரி 5-ஆம் நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். தலைநகரில் மட்டும் 32 பேர் உயிரிழந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 180,000 பேர். பத்துமலைக்கு வடக்கே, உலு யாம் போகும் சாலையை ஒட்டி இன்று புல் போர்த்திக் கிடக்கும் மண் அணையின் கதை அந்த மழையில்தான் தொடங்குகிறது.

வெள்ளம் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் வந்து, மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகளைக் கொண்டுபோயின. அதன் பிறகு செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் ஆணையிட்டார். அந்தக் கல்லைச் சுட்டுத் தந்த சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1926-இல் மறுபடியும் பெருவெள்ளம். இந்த முறை நகருக்குள் வளைந்து ஓடிய கிள்ளான் ஆற்றையே நேராக வெட்டினார்கள். இதற்கிடையே ஈய லம்பங்களில் அலசிவிட்ட மணல் பல்லாண்டுகளாக ஆற்றில் இறங்கிப் படுகையை மேடாக்கிக்கொண்டே இருந்தது. படுகை உயர உயரக் கரை தாழ்ந்துபோனது. முதலில் வீட்டுச் சுவரை மாற்றினார்கள், பிறகு ஆற்றங்கரையை. தண்ணீர் புறப்படும் இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வை 1971-க்குப் பிறகு மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், அமைச்சரவை முடிவின்படி நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. வடிகால் நீர்ப்பாசனத் துறை தலைநகருக்கான வெள்ளத் தணிப்புத் திட்டத்தை வகுத்தது. பத்து ஆறு கோம்பாக்கில் சேர்கிறது; கோம்பாக் ஜாமெக் பள்ளிவாசல் முனையில் கிள்ளானில் விழுகிறது. மூன்றும் தத்தம் உச்சத்தில் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தால் நகரம் மூழ்கும். மூன்றில் ஒன்றையாவது மேலே சில மணி நேரம் நிறுத்தி வைக்க முடிந்தால் மற்ற இரண்டும் கடந்து போய்விடும். பத்து அணையின் அடிப்படை இவ்வளவுதான்.

கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் ஏற்கெனவே கிள்ளான் கேட்ஸ் அணை 1958-இலேயே எழுந்திருந்தது. அங்கே குவார்ட்ஸ் பாறைத் தொடரின் குறுகிய இடைவெளியில் காங்கிரீட்டை வளைவாக வார்த்து அடைத்தார்கள். முதலில் குடிநீருக்காகக் கட்டியது. பின்னர் வெள்ளத்தையும் தாங்க உயரத்தைக் கூட்டினார்கள். பத்துப் பள்ளத்தாக்கோ அகன்றது. மலைத்தொடரின் கருங்கல் வெயிலிலும் மழையிலும் சிதைந்து ஆழமான மண்ணாகிவிட்ட நிலம் அது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்றது மண் அணைதான்.

மண் அணை என்றதும் குவித்து வைத்த மேடு என்று எண்ணிவிட வேண்டாம். மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, உருளையால் இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் மண் பிடிக்காது. கசிவு அறவே இல்லாத மண் அணை கிடையாது. கசியும் நீர் மண்ணைக் கூடவே இழுத்துவராதபடி மணலாலும் சரளையாலும் வடிகட்டி வைப்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது. நீர்ப்பக்கம் அலை அரிக்காமல் கல் பாவுவார்கள். மறுபக்கம் புல் வளர்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மிகை நீரை வழியவிடும் கலிங்கு. தண்ணீர் மண் கரையின் தலைக்கு மேல் வழிந்தால் அணை அரித்துக்கொண்டு போய்விடும். தமிழ்நாட்டில் ஏரிகளைக் கட்டியவர்களும் இதற்காகவே கலிங்கை அவ்வளவு கவனமாகக் கட்டினார்கள்.

1980-களின் நடுவில் வேலை நடந்து, 1987-இல் அணை முடிந்தது. உயரம் 44 மீட்டர், நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பேராக்கில் 127 மீட்டர் உயரத்தில் நிற்கும் தெமெங்கோர் அணையோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குதான். பேரும் பெரிதாகப் பரவவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்கும் முன் நம் மக்கள் குளிப்பது பத்து ஆற்றில்தான். மேலே ஓர் அணை இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அணை சிலாங்கூர் மண்ணில் இருக்கிறது. அதன் காவல் கூட்டரசுப் பிரதேசத்துக்கு. 1971-இன் துயரத்திலிருந்து பிறந்தது என்பதால் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்ட வேண்டிய இடம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த அணைக்கு இரண்டு வேலை. கீழ்மட்டத்தில் நிற்பது குடிநீர். அதற்கு மேல் விட்டிருக்கும் வெற்றிடம் வெள்ளத்துக்கு. இரண்டும் எதிரெதிர்த் தேவைகள். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் இல்லாமல் வாளியோடு வரிசையில் நின்றபோது, ஏன் நிரம்பவில்லை என்றுதான் அணையைப் பார்த்தோம். வெள்ளக் காலத்தில் அதே அணையில் இடம் இருக்கிறதா என்று கேட்கிறோம். வெள்ளத்துக்கான அணையின் மதிப்பு அதில் காலியாக இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பத்து அணையின் நீர்ப்பிடிப்பு சுமார் 50 சதுரக் கிலோமீட்டர். கிள்ளான் கேட்ஸுக்குச் சுமார் 77. கிள்ளான் ஆற்று வடிநிலமோ 1,288 சதுரக் கிலோமீட்டர். இரண்டு அணையும் சேர்ந்து பிடிப்பது பத்தில் ஒரு பங்கு மழையைத்தான். அதனால்தான் பிறகு பத்து, ஜிஞ்சாங் ஆகிய இடங்களில் வெள்ளத் தடுப்புக் குளங்கள் வந்தன, 2007-இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தது. 2021 டிசம்பரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. அணைகளுக்குக் கீழே வெகுதொலைவில் பெய்த மழையை அணை எப்படிப் பிடிக்கும்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள்.

மலையடியில் தண்ணீருக்கு ஒதுக்கிய இடத்தைப் போல நகருக்குள்ளும் ஒதுக்கியாக வேண்டும். உங்கள் தாமானுக்கு அருகே வெள்ளத் தடுப்புக் குளமோ அதையொட்டிய வெற்று நிலமோ இருந்து, அங்கே கட்டடம் எழுப்பப் போவதாக அறிவிப்புப் பலகை நட்டால், படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். காலக்கெடுவுக்குள் ஆட்சேபக் கடிதம் எழுதுங்கள். விசாரணைக்கு அழைத்தால் நேரில் போய்ப் பேசுங்கள்.