மார்த்தாவும் 1941 அரசாணையும்

பிரேசில் கால்பந்து என்றதும் நம் வயதுக்காரர்களுக்குப் பெலே, கரிஞ்சா, பிறகு ஜிகோ, சாக்ரடீஸ் என்று ஆண்கள் பெயர்தான் வரிசையாக வரும். உலகக் கோப்பைகளில் பெலே போட்ட கோல் 12. அதே நாட்டின் மார்த்தா என்ற பெண் போட்டது 17. அவர் அந்தப் பதினேழாவது கோலை 2019இல் போட்டபோது, ஆண்களில் முதலிடத்தில் இருந்த ஜெர்மனிக்காரர் குளோசாவின் கணக்கே 16தான்.

மார்த்தாவைப் பற்றிப் படிக்கப்போய் நான் பிடித்துக்கொண்டது கோல்களை அல்ல, ஒரு மனுவை. பழைய குமாஸ்தா புத்தி, வேறென்ன!

1940இல் பிரேசில் நகரங்களில் பெண்கள் அணி சேர்த்துக் கால்பந்து ஆட ஆரம்பித்திருந்தார்கள். இது பொறுக்காமல் ஒரு குடிமகன் அதிபர் வர்காசுக்கே கடிதம் எழுதினார். இந்த ஆட்டம் பெண்களின் தாய்மையைக் கெடுத்துவிடும், உடனே தடுக்க வேண்டும் என்பது சாரம். நம் அலுவலகங்களில் இப்படிப்பட்ட மனுக்கள் எத்தனை வரும்! இன்வர்ட் நம்பர் போட்டு, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பி, பெரும்பாலும் அங்கேயே தூங்கும். இந்த மனு தூங்கவில்லை. கல்வி, சுகாதார அமைச்சகத்துக்குப் போனது. மருத்துவர்களும் அதற்கு ஒத்து ஊதினார்கள். 1941 ஏப்ரல் 14 அன்று 3199 என்ற எண்ணில் ஓர் ஆணை வந்தது. பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளை அவர்கள் ஆட அனுமதியில்லை என்றது அதன் 54ஆம் பிரிவு. எது ஒவ்வாதது என்று அதில் இல்லை. 1965இல் ராணுவ ஆட்சி அந்தக் குறையையும் தீர்த்து, கால்பந்தைப் பெயர் சொல்லியே தடை செய்தது.

பிரேசிலை மட்டும் சொல்லக் கூடாது. நான் படித்த மொழிக்குச் சொந்தமான பிரான்சிலும் அதே 1941இல் விஷி அரசு பெண்கள் கால்பந்தைத் தடை செய்தது. பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சியைத் தேதி வாரியாக மனப்பாடம் செய்வித்தார்கள், இதைச் சொல்லித்தரவில்லை.

பிரேசிலில் தடை நீங்கியது 1979இல். பெண்கள் ஆட்டத்துக்கு முறையான விதிகள் வந்தது 1983இல். மார்த்தா பிறந்தது 1986 பிப்ரவரி 19. அதாவது, ஆணை செத்து ஏழு வருஷம் கழித்து. ஆனால் ஆணை ரத்தானால் ஊர்ப் புத்தியும் ரத்தாகுமா?

அலகோவாஸ் மாநிலத்தில் தோயிஸ் ரியாச்சோஸ் என்ற சின்ன ஊர். மழை பொய்க்கும் வறண்ட பூமி. குழந்தைக்கு ஒரு வயதானபோதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நாலு பிள்ளைகளை அம்மா ஒருத்தியாக வளர்த்தார். ஊரில் பெண்கள் அணி ஏது? பையன்களோடுதான் ஆட்டம். ஒரு சிறுவர் போட்டியில், இந்தப் பெண் ஆடினால் எங்கள் அணி விலகிவிடும் என்று எதிரணிப் பயிற்சியாளர் மிரட்ட, மார்த்தாவை நீக்கினார்கள். நாற்பதாம் வருஷத்து மனு இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருந்தது.

14 வயதில் மூன்று நாள் பஸ் பயணம் செய்து ரியோவுக்குப் போனார். வாஸ்கோ ட காமா கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் கிளப் தன் பெண்கள் அணியையே மூடிவிட்டது. 2004இல் ஸ்வீடனின் உமேயோ அணி கூப்பிட்டது. 18 வயது, பாஷை தெரியாது, வடக்கே பனி கொட்டும் ஊர். அந்த வருஷமே அந்த அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார்.

2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 2018இல் ஆறாவது முறையும் உலகின் சிறந்த வீராங்கனை. பாவாடை கட்டிய பெலே என்று அவரை அழைத்தார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை.

2007 சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் அரையிறுதியில் அமெரிக்காவை 4-0 என்று துவைத்தது பிரேசில். அந்தப் போட்டித் தொடரில் மார்த்தாவுக்கு மட்டும் 7 கோல். இறுதியில் ஜெர்மனியிடம் 2-0 தோல்வி. மார்த்தாவின் பெனால்டியை ஆங்கெரர் தடுத்துவிட்டார். ஒலிம்பிக்கில் 2004, 2008, 2024 மூன்றிலும் வெள்ளிதான். தங்கம் கடைசிவரை கைக்கு வரவில்லை.

2019இல் பிரான்சில் கம்பெனி முத்திரை இல்லாத கறுப்பு பூட்ஸோடு ஆடினார். ஆண்களுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவாகக் கொடுக்கவந்த ஒப்பந்தங்களை மறுத்துவிட்டு, பூட்ஸில் சமத்துவக் குறியைப் போட்டுக்கொண்டார். லெ ஆவ்ர் நகரில் பிரான்சிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற அன்று, நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரான்ஸ் ஜெயித்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் கேமராவைப் பார்த்து இளம்பெண்களிடம் பேசினார்: நாங்கள் என்றைக்கும் இருக்க மாட்டோம், முடிவில் சிரிக்க வேண்டுமானால் இப்போதே அழுது உழையுங்கள் என்று. அவர் கண்ணில் நீர் இருந்தது.

2025 ஆகஸ்டில், 39 வயதில், கித்தோ நகரில் தென்னமெரிக்கக் கோப்பை இறுதி. கொலம்பியா 3-2 என்று முன்னால் இருக்க, மாற்று ஆளாக இறங்கியிருந்த மார்த்தா ஆறாவது உபரி நிமிடத்தில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் போட்டார். 4-4 ஆகிப் பெனால்டிக்குப் போனது. அங்கே அவர் உதைத்ததைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். இந்தத் தடவை மற்ற பெண்கள் விடவில்லை, கோப்பை பிரேசிலுக்கு.

பெண்கள் உலகக் கோப்பை 2027இல் பிரேசிலிலேயே நடக்க இருக்கிறது. மார்த்தாவுக்கு அப்போது 41 ஆகியிருக்கும்.