கருவளக் கணக்கும் கிழக்குக் கரையோரமும்

புள்ளிவிபர அட்டவணையையும் ஓர் இலக்கியப் பிரதியைப் போன்றே வாசித்தல் வேண்டும். யாருடைய குரல் பதிவாயிற்று, யாருடையது விடுபட்டது என்னும் வினாக்கள் ஆங்கும் எழுவன. இலங்கையின் கருவளம் பற்றிய எண்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1987ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு மொத்தக் கருவள வீதத்தைப் பெண்ணொருத்திக்கு 2.8 பிள்ளைகள் எனவும், 1993ஆம் ஆண்டின் ஆய்வு 2.3 எனவும் கணித்தன. இவை 'இலங்கையின்' வீதங்களாகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. ஆயின் போர் காரணமாக வட மாகாணமும் கிழக்குக் கரையோரமும் இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தன. பொத்துவிலிலோ கல்முனையிலோ ஒரு தாயிடமேனும் வினா எழுப்பப்படவில்லை.

கணிப்பு முறையும் நோக்கத்தக்கது. ஆய்வுக்கு முந்திய சில ஆண்டுகளில் நிகழ்ந்த பிறப்புக்களைத் தாயின் வயதுப்படி ஐந்தாண்டுத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அவ்வயதிற் பெண்கள் வாழ்ந்த ஆண்டுகளின் தொகையால் வகுப்பர். பெறப்படும் ஏழு வீதங்களையும் கூட்டி ஐந்தாற் பெருக்குவர். இலங்கையிற் பிறப்பு வரலாறு கேட்கப்படுவது மணமுடித்த பெண்களிடம் மட்டுமே. மணமாகாதோரை வகுஎண்ணிற் சேர்ப்பதற்கு வீட்டுப் பட்டியலையே நம்பவேண்டியுள்ளது. எனவே முழுக் கணக்கும் 'வீடு' என்னும் கருத்தின்மீதே நிற்கிறது.

கிழக்குக் கரையோர முஸ்லிம்களின் தாய்வழிக் குடி மரபிலோ வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. கணவனே அங்கு வந்து குடியேறுபவன். (குடும்பத் தலைவர் யார் என்னும் கேள்விக்கு எழுதப்படும் பெயர் பெரும்பாலும் அவனுடையதே.) எழுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற வறிய பெண்கள், ஆய்வாளர் வரும் வேளையில் அவ்வீட்டில் இரார். கணவனைப் பிரிந்து பிள்ளைப்பேறின்றிக் கழியும் அவர்களது ஆண்டுகள் வகுஎண்ணில் இடம்பெறாமையால், வீதம் சற்று உயர்ந்தே தோன்றும். உழைப்புச் சந்தை பிரித்த குடும்பத்தை இச்சூத்திரம் முழுக் குடும்பமாகவே கொள்கிறது.

கிழக்கு மாகாணம் 2006–07ஆம் ஆண்டு ஆய்விற் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றிருந்தது. பெண்களும் சிறாருமே கூடுதலாக மாண்டனர். பிறப்பு வரலாற்றைக் கூறவல்லவள் உயிரோடிருக்கும் தாய் ஒருத்தியே. மாண்ட தாயரும் அவர்கள் ஈன்ற மகவுகளும் இக்கணக்கிற்குப் புறம்பாயினர்.

எண் இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகுந்தது. முஸ்லிம்களின் பங்கு 1981இல் 7.6 வீதமாகவும் 2012இல் 9.7 வீதமாகவும் இருந்தமையைப் பேரினவாதிகள் பெருக்கச் சதியாகக் காட்டினர். அவ்வேற்றத்தில் சனத்தொகையின் வயதமைப்புக்கும், போரினால் தமிழர் பெருமளவிற் புலம்பெயர்ந்தமைக்கும் உள்ள பங்கை அவர்கள் ஆராய்ந்தாரல்லர். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதெனப் புரளி கிளப்பிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டியென்று அரச பகுப்பாய்வு பின்னர் காட்டியது.

2016ஆம் ஆண்டின் ஆய்வு 25 மாவட்டங்களையும் உள்ளடக்கித் தேசிய வீதத்தை 2.2 எனக் கணித்தது. எனினும் அதன் மாதிரி மாவட்ட மட்டத்துக்கே அமைந்தது. அம்பாறை என்னும் ஒரே அலகினுள் கல்லோயாக் குடியேற்றத்தின் சிங்கள விவசாயியும் பொத்துவிலின் மீனவப் பெண்ணும் ஒரு சராசரியாகக் கலக்கின்றனர். பொத்துவிலுக்கெனத் தனியொரு வீதத்தை அதிலிருந்து பிரித்தெடுத்தல் இயலாது.