கடல்நீரேரியின் வாயிலில் ஒரு பூட்டு

கரைத்தீவை அடுத்து விரிந்து கிடக்கும் ஒல்லாந்தர் குடாவும் போர்த்துக்கல் குடாவும் தெற்கே புத்தளம் கடல்நீரேரியோடு கலக்கின்றன. குடாக்களின் பெயர்களே இக்கரையின் பழைய வரலாற்றைக் கூறும். வடக்கேயிருந்து கடல்நீரேரியினுள் புகும் தோணிகள் கற்பிட்டியைக் கடந்தே செல்லவேண்டும். அவ்விடத்திலேதான் ஒல்லாந்தர் தம் கோட்டையை எழுப்பினர்.

போர்த்துக்கேயரைத் துரத்துதற்காக, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததும் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. ஆயினும், கரையோரம் மன்னன் கைக்கு மீளவில்லை; ஒல்லாந்தர் கைக்கே மாறிற்று. மலைநாட்டுக்கு உப்பும் மீனும் கிடைத்த மேற்கு வாயில் புத்தளமாகும். அவ்வாயிலைத் தம் காவலிற் கொள்ளும் பொருட்டு, 1667 முதல் 1676 வரை கற்பிட்டிக் கோட்டை கட்டப்பட்டது. கண்டி நாட்டிலே பல்லாண்டு சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான இறொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இக்கோட்டையைக் குறிப்பிடுகின்றார். தோணிகள் வாராது தடுப்பதற்கே ஒல்லாந்தர் முனையிலே கோட்டை வைத்துள்ளனர் என்பது அவர் கூற்று.

கோட்டை பெரிதன்று. ஏறத்தாழச் சதுரமான அமைப்பு. நான்கு மூலைகளிலும் நான்கு கொத்தளங்கள். முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு எழுப்பிய, ஏறக்குறைய 4 மீற்றர் உயரமான மதில். மஞ்சள் நிறச் செங்கல்லால் வளைவாக அமைந்த வாயிலின் மேலே மணிக்கூண்டு நிற்கின்றது. உள்ளே தேவாலயம், தளபதியின் மனை, படைவீரர் விடுதி, சிறைக்கூடம், பண்டகசாலை ஆகியன இருந்தன. இன்று மதில் உறுதியாய் நிற்க, உட்கட்டடங்கள் சிதைந்து கிடக்கின்றன. அச்சுவர்களுக்கு மனக்கண்ணால் கூரை வேய்ந்து, கொத்தளங்களிலே பீரங்கிகளை நிறுத்திப் பார்த்தால், தோணிக்காரன் அன்று நீரிலிருந்து கண்ட தோற்றம் ஒருவாறு புலப்படும்.

இக்காவலின் வலிமை 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நன்கு விளங்கிற்று. கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தான். சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு எடுத்துக்கொள்ள அவன் குடிகளுக்கு இசைவு அளிக்கப்பட்டது. முன்னோர் தம் உரிமையாய் அள்ளிய உப்பை, அந்நியர் அனுமதியோடு அள்ளவேண்டிய நிலை வந்துற்றது.

ஸ்கொட்லாந்திலே நெஸ் ஏரிக்கரையிலுள்ள ஏர்க்காட் கோட்டையை, அதனை விட்டு நீங்கிய படையினரே 1692இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். கற்பிட்டிக்கு அவ்வாறான முடிவு நேரவில்லை. 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1815இல் கண்டியும் அவர்கள் ஆட்சிக்குட்பட்டது. மலையும் கரையும் ஒரே கையிற் சேர்ந்தபின் இடையிலே பூட்டு எதற்கு? 1859 வரை கோட்டையைப் பயன்படுத்திய ஆங்கிலேயர் பின்னர் அதனைக் கைவிட்டனர். பிற்காலத்து உள்நாட்டுப் போரின்போது கடற்படையினர் அங்கே தளம் அமைத்தனர். நீர்வாயிலைக் காக்க வேண்டிய தேவை எழுந்தபோது, பழைய மதிலுக்கு மீண்டும் வேலை வந்தது.